சிசேரியன் தழும்பில் கரு: ஊசியா, உறிஞ்சலா, லேப்ராஸ்கோப்பியா?

ஆறாவது வாரத்து ஸ்கேனில் ‘ஸ்கார் எக்டோபிக்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எக்டோபிக் என்றால் இடம் மாறிப் பதிந்த கரு; இங்கே அது பழைய சிசேரியன் தழும்பில் பதிந்திருக்கிறது. முதல் மருத்துவர், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போதும் என்கிறார். சந்தேகம் தீர இரண்டாமவரிடம் போனால், லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, தழும்பையே வெட்டி எடுத்துத் தைத்துவிடலாம் என்கிறார். முதலில் ரத்தக்குழாயை அடைத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யலாம் என்பது மூன்றாமவரின் யோசனை. மூவருமே நாளைக்கே வந்து சேரச் சொல்கிறார்கள். எதற்குத் தலையாட்டுவது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு.

மூன்று மருத்துவர்களில் யாரும் ஏமாற்றவில்லை. இப்படியொரு கர்ப்பம் மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானதே 1978-ல்தான். ஏறத்தாழ 2,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில நாடுகளின் கணக்கு இதைவிடக் குறைவு. இவ்வளவு அரிது என்பதால் ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. அந்த இடைவெளியில் ஒவ்வொரு மருத்துவரும் தன் கைக்குப் பழகியதைச் சொல்கிறார். அதைக் குறையாகவும் சொல்ல முடியாது. பழகாத கையில் நல்ல சிகிச்சையும் கெட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் வெளிப்படை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. தழும்புள்ள கர்ப்பப்பைகள் பெருகப் பெருக, அந்தத் தழும்பில் கரு போய் உட்காருவதும் பெருகத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். சிசேரியனில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், முன்பக்கமாக வெட்டித் தைக்கிறார்கள். சிலருக்கு அந்த இடம் முழுதாக ஆறாமல், உள்பக்கம் பூச்சு உதிர்ந்த சுவர்போல ஒரு பள்ளம் தங்கிவிடுகிறது. கரு அங்கே வேர்விட்டால் அதற்கு முன்னால் இருப்பது சிறுநீர்ப்பை. நடுவில் மெலிந்த ஒரு சுவர். சாதாரணக் கருச்சிதைவில் கர்ப்பப்பை காலியானதும் தசை இறுகி, திறந்திருக்கும் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்து மூடிவிடும். தழும்பில் தசை இல்லை, நார்தான் இருக்கிறது. நாருக்கு இறுகத் தெரியாது. எனவே கருவை எடுப்பது பெரிய வேலை இல்லை. எடுத்த இடத்தில் பெருகும் ரத்தத்தை நிறுத்துவதுதான் பெரிய வேலை. கீழே வரும் ஒவ்வொரு சிகிச்சையையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நோய் அதுதானா என்ற உறுதி. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் போதாது. யோனி வழியாகப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும், அதுவும் சிறுநீர்ப்பையில் சிறிது நீர் இருக்கும்போது. நல்ல படத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதி காலியாக இருக்கும். கர்ப்பப்பை வாயும் காலியாக, மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவில், முன்பக்கச் சுவரில், கருவுறை உட்கார்ந்திருக்கும்; ஸ்கேன் அறையில் இதை ‘சாக்’ என்பார்கள். அதற்கு முன்னால் கறுப்பாகத் தெரிவது சிறுநீர்ப்பை. இரண்டுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் இரு ஓரங்களிலும் இரண்டு சிறு கூட்டல் குறிகளை வைத்து அளந்து, மூலையில் 2.1 மி.மீ., 3.4 மி.மீ. என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் உங்கள் சீட்டில் இல்லையென்றால், சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த நோயைப்போலத் தோற்றம் காட்டுபவை மூன்று: கருச்சிதைவாகி வெளியேறும் வழியில் சற்று நேரம் அங்கே தங்கிய கருவுறை, கர்ப்பப்பை வாயிலேயே பதிந்த கரு, வெறுமனே சற்றுக் கீழே பதிந்த நல்ல கர்ப்பம். ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தும்போது நழுவி அசைந்தால் அது வெளியேறிக்கொண்டிருக்கும் சிதைவு. தழும்பில் வேர்விட்டது அசையாது, கலர் டாப்ளரில் அதைச் சுற்றி ரத்த ஓட்டமும் பளிச்சென்று தெரியும். ஐந்திலிருந்து பத்து வாரத்துக்குள் பார்த்தால், கருவுறையின் மையம் கர்ப்பப்பையின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் உதவும். ஆறு, ஏழாவது வாரம்தான் இதைப் பார்க்கச் சிறந்த நேரம். பிறகு கருவுறை வளர்ந்து மேலே கர்ப்பப்பைக்குள் ஏறிக்கொள்ளும். அந்த நிலையில் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். வேண்டிய கர்ப்பத்தைத் தவறான பெயரில் கலைத்துவிடக் கூடாது, ஆபத்தான கர்ப்பத்தை நல்லது என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டாவது கருத்துக்குச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது, எத்தனை வாரம், இதயத் துடிப்பு இருக்கிறதா, ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. அளவு என்ன. மூன்றாவது, கருவுறை எந்தப் பக்கம் வளர்கிறது: உள்ளே கர்ப்பப்பையை நோக்கியா, வெளியே சிறுநீர்ப்பையை நோக்கியா. நான்காவது, இன்னொரு குழந்தை வேண்டுமா. இதை மாமியாரோ கணவரோ பதில் சொல்லும் கேள்வியாக விட்டுவிடக் கூடாது.

ஐந்தாவதைப் பலர் கேட்பதே இல்லை. அந்த மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு ரத்தம் கிடைக்குமா? மயக்க மருந்து கொடுப்பவர் இருப்பாரா? உள்ளே பலூன் வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? இதற்கு மருத்துவர் தயங்காமல் பதில் சொன்னால் அந்த மருத்துவமனைக்கு என் ஓட்டு, சிகிச்சையின் பெயர் எதுவானாலும்.

## கணக்கிலேயே சேர்க்கக் கூடாத இரண்டு

மருந்துக் கடையில் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை ஒன்று. சிசேரியன் ஆன பெண், ஸ்கேன் எடுக்காமல், கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இதைப் போடுவது சூதாட்டம். மாத்திரை தசையை இறுக்கும். தழும்பில் இறுக தசை இல்லை என்று மேலே பார்த்தோம்.

இன்னொன்று, ஸ்கேன் துணையில்லாமல் கூர்மையான கருவியால் சுரண்டும் பழைய டி அண்ட் சி. 2,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வில், இது மட்டும் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அத்தோடு முடிந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கடும் சிக்கல். ‘சின்ன கிளீனிங்தான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தச் சின்ன கிளீனிங் எப்படிச் செய்யப்படும் என்று கேளுங்கள்.

## பொறுத்துப் பார்ப்பது

கர்ப்பத்தைத் தொடரலாமா என்ற ஆசை வருவது இயல்பு. குறிப்பாகப் பல ஆண்டு காத்திருந்து தரித்தவர்களுக்கு. துடிப்புள்ள கருவைத் தொடர்ந்தவர்களைப் பற்றிய தொகுப்பாய்வுகள் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்கின்றன: நான்கில் மூன்று பேர் கடைசி மூன்று மாதத்தை எட்டினார்கள், எட்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் வேரோடிப் போயிருந்தது. ‘அக்ரீட்டா’ எனப்படும் அந்த நிலையில் பிரசவத்தோடு கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டி வருவது சாதாரணம். வழியிலேயே கர்ப்பப்பை கிழிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், காத்திருப்பதைப் பரிந்துரைக்கவில்லை. தெரிந்தே தொடர விரும்பினால் 34, 35-வது வாரத்தில், பெரிய மருத்துவமனையில், திட்டமிட்ட சிசேரியன் என்கிறது. இதைத் தேர்ந்தெடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழந்தைக்காகக் கர்ப்பப்பையைப் பணயம் வைக்கும் முடிவு அது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

துடிப்பு நின்றுபோன, சிறிய, ரத்த ஓட்டம் அதிகமில்லாத கருவுறை என்றால் கதை வேறு. அங்கே வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பலருக்குத் தானாகவே முடிந்துவிடுகிறது. அப்போதும் கிழிதல், ரத்தப்போக்கு என்ற பயம் முழுதாக நீங்குவதில்லை.

## மெத்தோட்ரெக்சேட் ஊசி

வெட்டுக்காயம் இல்லை, மயக்கம் இல்லை, செலவும் குறைவு என்று தோன்றுவதால் குடும்பங்களுக்கு முதலில் பிடிப்பது இதுதான். எனக்கு மிகுந்த தயக்கம் இருப்பதும் இதில்தான்.

இரண்டு விதமாகப் போடுகிறார்கள். கையிலோ இடுப்பிலோ போட்டு உடல் முழுக்கப் பரவவிடுவது ஒன்று. தழும்பு நாருக்கு ரத்தம் வழியாகப் போய்ச் சேரும் மருந்து குறைவு. எனவே இது மட்டும் போதும் என்று நம்பக் கூடாது என்பதே மேற்சொன்ன அமெரிக்க வழிகாட்டுதலின் நிலைப்பாடு. யோனி ஸ்கேன் வழிகாட்ட, மெல்லிய ஊசியைக் கருவுறைக்குள்ளேயே செலுத்தி மருந்தைவிடுவது மற்றொன்று. துடிப்பிருந்தால் முதலில் பொட்டாசியம் குளோரைடு செலுத்தித் துடிப்பை நிறுத்துவதும் உண்டு. மருந்துவழிதான் என்று முடிவானால் இந்த இரண்டாவது முறைதான் முறையானது. ‘ஊசி’ என்று மருத்துவர் சொல்லும்போது எது என்று கேட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு, காலம். மருந்து வேலை செய்தாலும் பீட்டா எச்.சி.ஜி. பூஜ்யத்துக்கு வரப் பல வாரங்கள் ஆகும். கருவுறை கரைய மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நாட்களில் எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கொட்டலாம். ரத்தப் பரிசோதனைக்கு உள்ளூர் ஆய்வகம் போதும். ரத்தம் கொட்டினால் ஓடுவதற்கு அரை மணி தூரத்தில் முழு வசதியுள்ள மருத்துவமனை வேண்டும். மலையோரக் கிராமத்தில் இருப்பவருக்கு மலிவான ஊசியே விலை உயர்ந்த சிகிச்சையாகிவிடும். பிரிட்டனில் 2013-15 காலத்தில் நாடு முழுவதும் திரட்டிய விவரங்களில், மருந்தில் தொடங்கியவர்களில் 46 சதவீதத்தினருக்கே அது போதுமானதாக இருந்தது; அறுவையில் தொடங்கியவர்களுக்கு 96 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது.

இன்னும் சில: ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும். மது கூடாது, வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்த அணுக்கள் குறைந்தவர்களுக்கும் ஆகாது. குறைந்தது மூன்று மாதமாவது அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது பொருந்தாது. சிசேரியன் முடிந்து ஓராண்டுக்குள் மறுபடி தரித்தவர்கள் இந்த நோயில் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆரம்ப வாரம், எச்.சி.ஜி. குறைவு, ரத்தப்போக்கு இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல மருத்துவமனை, வாராவாரம் தவறாமல் வரக்கூடியவர். இவை ஐந்தும் ஒன்றுசேர்ந்தால் ஊசிக்கு இடமுண்டு.

## ஸ்கேன் பார்த்தபடி உறிஞ்சி எடுப்பது

டி அண்ட் சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஸ்கேன் திரையில் கருவுறையைப் பார்த்தபடியே, மழுங்கிய முனையுள்ள குழாயை அதன்மேல் வைத்து உறிஞ்சுகிறார்கள். சுரண்டல் இல்லை. எடுத்தவுடன் அந்தப் பள்ளத்தில் ஃபோலி பலூனை வைத்து 20, 30 மில்லி நீர் நிரப்பி, 12 முதல் 24 மணி நேரம் அழுத்திப் பிடிக்கிறார்கள். இறுக முடியாத நாருக்குப் பதில் பலூன் ரத்தக்குழாய்களை நெரிக்கிறது. சிறுநீர் வடிப்பதற்கு எல்லா வார்டிலும் இருக்கும் சாதாரணக் குழாய்தான் அது. சில நூறு ரூபாய்ப் பொருள் பெரிய அறுவையைத் தவிர்த்துவிடும் இடங்களில் இதுவும் ஒன்று. லண்டன் மருத்துவர்கள் சிலர், கர்ப்பப்பை வாயைச் சுற்றி முன்கூட்டியே தையல் போட்டுவைத்து, ரத்தம் அதிகமானால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரக் கருவுக்கு இரட்டைப் பலூனையே சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறையை நியூயார்க் மருத்துவர்கள் பரப்பினார்கள். ஒரு பலூன் கர்ப்பப்பைக்குள் நங்கூரமாக நிற்க, மற்றது கருவுறையை அழுத்தும்.

எட்டு, ஒன்பது வாரத்துக்குள், உள்நோக்கி வளரும் கருவுறை, முன்சுவர் 3 மி.மீ.க்கு மேல் என்றால் என் கருத்தில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம், ஹார்மோன் வேகமாக இறங்கிவிடும், கர்ப்பப்பையில் புதிய வெட்டும் இல்லை.

குறை என்னவென்றால், பள்ளம் அப்படியே இருக்கும். சில சமயம் துணுக்கு மிச்சம் தங்கி, மறுபடி உள்ளே போக நேரிடும். சுவர் மெலிந்தவருக்கு உறிஞ்சும் குழாயே சுவரைத் துளைத்துவிடக்கூடும். ஸ்கேனையும் குழாயையும் ஒரே நேரத்தில் கையாளப் பழகிய இருவர் வேண்டும்.

## ஹிஸ்டிரோஸ்கோப்பி

யோனி வழியாகக் கேமராவை உள்ளே செலுத்தி, கருவுறை ஒட்டியிருக்கும் இடத்தை நேரில் பார்த்துப் பிரித்தெடுப்பது. ரத்தம் கசியும் குழாயைக் கண்ணால் பார்த்துச் சுட்டு அடைக்கலாம். துணுக்கு மிச்சமாவதும் குறைவு. உறிஞ்சி எடுத்த பிறகு சரிபார்ப்பதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே பார்க்க இடம் வேண்டுமென்று உப்புநீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். போனதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை ஒருவர் விடாமல் கணக்கு வைக்க வேண்டும், வித்தியாசம் 2.5 லிட்டரைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் நுரையீரலில் நீர் கோக்கும். வெளிநோக்கி வளர்ந்த கருவுறைக்கும், 2, 3 மி.மீ.க்குக் குறைந்த சுவருக்கும் இது ஒத்துவராது. சுவருக்கு அந்தப்பக்கம் சிறுநீர்ப்பை என்பதை மறக்கக் கூடாது.

## லேப்ராஸ்கோப்பி

வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள். சிசேரியன் ஆனவருக்குச் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மெல்லப் பிரித்துக் கீழே தள்ளுவதுதான் முதல் வேலை, கடினமான வேலையும்கூட. தள்ளியதும் நீலமும் ஊதாவுமாகப் புடைத்த தழும்பு தெரியும். சுற்றிலும் வாசோப்ரெசின் மருந்தை நீர்க்கச் செய்து ஏற்றினால் சிவந்திருந்த திசு கண்ணெதிரே வெளுத்துப்போகும். ரத்தக்குழாய்கள் சுருங்கியதற்கு அடையாளம் அது. சிலர் கர்ப்பப்பைத் தமனிகளைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு மூடுகிறார்கள். பிறகு புடைப்பைத் திறந்து, கருவுறையைப் பைக்குள் போட்டு எடுத்து, நார் ஓரங்களை நல்ல தசை தெரியும்வரை நறுக்கி, இரண்டு அடுக்காகத் தைக்கிறார்கள். கடைசியில் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் செலுத்தி, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

மற்ற முறைகள் கருவை மட்டும் எடுக்கின்றன. இது பள்ளத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறது. வெளிநோக்கி வளர்ந்த கருவுறை, 2 மி.மீ.க்குக் குறைந்த சுவர், இன்னொரு குழந்தை வேண்டும் என்ற விருப்பம், இவை சேர்ந்தால் இதற்கு ஈடு வேறில்லை. 2016 தொகுப்பாய்வில் வெற்றி 95 சதவீதத்துக்கு மேல். மாதவிடாய்க்குப் பிறகும் பல நாள் பழுப்பாகக் கசியும் தொல்லை ஏற்கனவே உள்ளவர்களுக்கு, அதற்குக் காரணமான பள்ளமும் மூடிவிடும்.

ஆனால் விளம்பரத்தில் வராத பக்கமும் இருக்கிறது. இது முழு மயக்கத்தில் நடக்கும் உண்மையான அறுவை. கர்ப்பப்பையில் மீண்டும் ஒரு வெட்டு, மீண்டும் ஒரு தழும்பு. ஆறுவதற்காக அடுத்த கர்ப்பத்தை ஆறு மாதம் முதல் ஓராண்டு தள்ளிப்போடச் சொல்வார்கள். பிறகு பிரசவமும் வலி தொடங்கும் முன்னே சிசேரியன்தான். தைத்துச் சரிசெய்துவிட்டால் கரு மறுபடி அங்கே போகாது என்று உத்தரவாதம் கொடுக்க ஆதாரம் போதாது. அப்படிக் கொடுப்பவரைச் சற்றுச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று சிசேரியன் ஆகி, கர்ப்பப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் காயமாகும் வாய்ப்பு கூடும். ‘லேப்ராஸ்கோப்பி’ என்ற பலகை மாட்டியவர்கள் எல்லோரும் உள்ளே வேகமாகத் தையல் போடத் தெரிந்தவர்கள் அல்ல. இதே அறுவையை இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

## யோனி வழி அறுவை

கர்ப்பப்பை வாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே யோனிக்குள் வெட்டி, அதே தழும்பை அகற்றித் தைப்பது. வயிற்றில் துளை இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை, வலியும் குறைவு. வெற்றி விகிதம் லேப்ராஸ்கோப்பிக்குச் சளைத்ததல்ல. ஆனால் இடம் குறுகியது, பார்வையும் குறுகியது. கருவுறை பெரிதாகிவிட்டாலோ கர்ப்பப்பை மேலே இழுத்து ஒட்டியிருந்தாலோ கை எட்டாது. யோனி அறுவையில் தேர்ந்தவர் கிடைத்தால் நல்ல வழி.

## ரத்தக்குழாய் அடைப்பு

எம்போலைசேஷன் என்பது தனியாக நிற்கும் சிகிச்சை அல்ல, துணை. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி, எக்ஸ்ரே பார்த்தபடி இரண்டு கர்ப்பப்பைத் தமனிகளையும் ஜெல் துகளால் அடைக்கிறார்கள். அடுத்த ஓரிரு நாளில், அடைப்பு தளரும் முன், உறிஞ்சியோ ஹிஸ்டிரோஸ்கோப்பியிலோ கருவை எடுத்துவிட வேண்டும். சீனாவில் இது மிகப் பரவலாக நடக்கிறது, ரத்த இழப்பு குறைவதையும் அங்குள்ள ஆய்வுகள் காட்டின.

ஒன்பது, பத்து வாரத்தைத் தாண்டிய, டாப்ளரில் ரத்த ஓட்டம் கொதிக்கும் கருவுறைக்கும், ஏற்கனவே ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கும் இது உயிர் காக்கும். எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாகச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடைத்த பின் கடும் வலி, காய்ச்சல் வரும். சினைப்பைக்குப் போகும் ரத்தமும் சிலருக்குக் குறையலாம், கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலியலாம். குழந்தை வேண்டும் என்பவரிடம் இதைச் சொல்லாமல் செய்யக் கூடாது. பில்லும் இரட்டை: ஆஞ்சியோ அறைக்கு ஒன்று, அறுவை அரங்குக்கு ஒன்று.

## ஒரே பார்வையில்

| முறை | பொருத்தமான நிலை | ஹார்மோன் இறங்க | பள்ளம் சரியாகுமா | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| கருவுறைக்குள் மெத்தோட்ரெக்சேட் | ஆரம்ப வாரம், ரத்தப்போக்கு இல்லை | பல வாரம் | இல்லை | வாராவாரம் பரிசோதனை, மருத்துவமனை அருகிலேயே வாசம் |
| உறிஞ்சல், பலூன் | 8-9 வாரத்துக்குள், சுவர் 3 மி.மீ.க்கு மேல் | வேகமாக | இல்லை | துணுக்கு தங்கினால் மறுபடி சேர்க்கை |
| ஹிஸ்டிரோஸ்கோப்பி | உள்நோக்கிய வளர்ச்சி | வேகமாக | பெரும்பாலும் இல்லை | கருவி, தேர்ந்த குழு |
| லேப்ராஸ்கோப்பி | வெளிநோக்கிய வளர்ச்சி, மெலிந்த சுவர் | வேகமாக | ஆம் | அடுத்த கர்ப்பத்துக்கு நீண்ட இடைவெளி |
| யோனி வழி | சிறிய கருவுறை, ஒட்டல் குறைவு | வேகமாக | ஆம் | தேர்ந்தவர் கிடைப்பது அரிது |
| எம்போலைசேஷன் (துணை) | அதிக ரத்த ஓட்டம், ரத்தப்போக்கு | அடுத்து வரும் முறையைப் பொறுத்து | இல்லை | இரட்டை பில், கருவுறும் திறன் பற்றிய கவலை |

## மூன்று நிலைகள்

ஆறரை வாரம், துடிப்பு இருக்கிறது, முன்சுவர் 4 மி.மீ., உள்நோக்கிய வளர்ச்சி, மாவட்டத் தலைநகரில் வீடு. இவருக்கு உறிஞ்சலும் பலூனும் போதும். லேப்ராஸ்கோப்பி தேவைக்கு மேலான வைத்தியம்.

எட்டு வாரம், சுவர் 1.5 மி.மீ., கருவுறை சிறுநீர்ப்பையை முட்டுகிறது, இன்னொரு குழந்தை வேண்டும். இவருக்கு லேப்ராஸ்கோப்பி. உள்ளூரில் தேர்ந்தவர் இல்லையென்றால் பெரிய ஊருக்குப் போவதே சரி. ஆனால் சொந்தக் காரில் இரவோடிரவாக அல்ல, முன்கூட்டியே பேசி, ரத்த வகை பார்த்து, பரிந்துரைக் கடிதத்தோடு.

பதினொரு வாரம், ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது, ஏற்கனவே இரண்டு குழந்தைகள். இவருக்குச் சிறு துளையா பெரிய வெட்டா என்ற விவாதமே இரண்டாம்பட்சம். எம்போலைசேஷன், வயிற்றைத் திறந்த அறுவை, தேவைப்பட்டால் கர்ப்பப்பை அகற்றுவது என மூன்றுக்கும் தயாரான இடத்துக்குப் போக வேண்டும். குறைந்த காயத்தில் முடிப்பது உயிர் பத்திரமாக இருக்கும்போது பேச வேண்டிய விஷயம்.

## கையெழுத்தும் காப்பீடும்

இந்தியக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கணவர் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து வாரங்களை இழக்க வேண்டியதில்லை. சம்மதப் படிவத்தில் ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கவும், கர்ப்பப்பையை அகற்றவும்’ என்ற வரி இருக்கும். பயமுறுத்துவதற்காக எழுதியது அல்ல, எல்லா முறைகளுக்கும் இருப்பதுதான். எந்தக் கட்டத்தில் அந்த முடிவுக்குப் போவார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

காப்பீட்டில் கவனிக்க ஒன்று உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடுகளின் பொது விலக்கு விதிப்படி மகப்பேற்றுச் செலவுக்கும் கருச்சிதைவுக்கும் சட்டப்படியான கருக்கலைப்புக்கும் பணம் கிடைக்காது. எக்டோபிக் கர்ப்பத்துக்கு மட்டும் அந்த விலக்கிலிருந்து விதிவிலக்கு. தழும்புக் கர்ப்பம் எக்டோபிக் வகையில் வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அவசரத்தில் ‘கருச்சிதைவு’ என்றோ ‘கருக்கலைப்பு’ என்றோ எழுதிவிட்டால் கோரிக்கை திரும்பி வரும். நோயின் சரியான பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட முறை எந்தத் தொகுப்பில் வருகிறது என்பதை அனுமதிக்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளலாம்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக் குழந்தையின் ரத்த அணுக்களைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## வீட்டுக்கு வந்த பிறகு

எந்த முறையானாலும் பீட்டா எச்.சி.ஜி. இயல்புக்கு வரும்வரை பரிசோதனை தொடர வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்தாலோ, தலைசுற்றலோடு வயிற்று வலி வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

மறுபடி தழும்பிலேயே கரு தங்கும் வாய்ப்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 5 முதல் 40 சதவீதம் வரை சொல்கிறார்கள். குழந்தை போதும் என்பவர்கள் நீண்ட காலக் கருத்தடையைப் பற்றி டிஸ்சார்ஜுக்கு முன்னரே பேசிவிடுவது நல்லது. இன்னொன்று வேண்டும் என்பவர்கள், அறுவைக் குறிப்பின் நகலையும் பழைய ஸ்கேன் படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாதவிடாய் தள்ளிப்போனதும், ஐந்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், அந்தக் கோப்போடு யோனி ஸ்கேனுக்குப் போங்கள். ‘பன்னிரண்டாவது வாரம் வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்’ என்று வரவேற்பில் சொன்னால், முன்பு தழும்புக் கர்ப்பம் ஆனவர் என்று சொல்லி அதற்கு முன்பே தேதி வாங்குங்கள்.